பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் திறந்த ஒரு டிஜிஎன் கோப்பு: கோத்தகிரிச் சரிவில் ஒரு வாய்க்கால் வரைபடம்

பின்னணி

கோத்தகிரியிலிருந்து கிழக்கே இறங்கும் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம், அதற்குக் கீழே ஒரு ஹட்டி, அதாவது படகர் ஊர். தோட்டத்தில் விழும் மழைத் தண்ணீர் முழுக்க ஹட்டிக்காரர்களின் கேரட், பூண்டு நிலங்களின் ஓரமாகப் போகும் ஒரே ஓடையில்தான் சேர்கிறது. நீலகிரியில் கூடலூர், அவலாஞ்சி பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை எப்படியோ, அப்படித்தான் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் ஓரிரு நாள் பெய்த பேய்மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த ஹட்டியில் இன்னும் இருக்கிறார்கள், அதனால் ஐப்பசி பிறக்கும் முன்னே வாய்க்கால் வேலை முடிந்தாக வேண்டும் என்பதில் அவர்களுக்கும் தோட்டத்துக்கும் இடையே மாற்றுப் பேச்சே கிடையாது.

குன்னூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன வரைபட அலுவலகம் நடத்துகிறோம். ஆகஸ்ட் கடைசியில் தோட்டத்தின் ஃபீல்டு ஆபிசர் வந்தார். கேட்டது மூன்று விஷயம்: எந்தெந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும், வண்டல் குழி எங்கெங்கே வெட்ட வேண்டும், வாரிய மண்ணை எங்கே கொட்டக் கூடாது. ஆள் கூலிக்கு மூன்று வாரத்துக்குத்தான் பணம் ஒதுக்கியிருந்தார்கள்.

டிரோன் விட்டுப் படம் எடுத்துவிடலாமே என்று முதலில் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் இந்தத் தோட்டத்தில் பழைய வாய்க்கால்கள் பல, மேலே கல் பலகை மூடி அதன்மேல் மண்ணும் செடியும் வந்துவிட்டவை, வானத்திலிருந்து என்ன எடுத்தாலும் அவை தெரியாது. அவற்றைக் காட்டுகிற ஒரே ஆவணம், 1990-களின் இறுதியில் காகித வரைபடத்தை டிஜிட்டைசர் பலகையில் வைத்து, மைக்ரோஸ்டேஷன் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிய ஒரு கோப்பு. ஒரு சிடியில் கொடுத்தார்கள். ஒரே கோப்பு, டிஜிஎன் நீட்சி, வேறு ஒரு தாளும் கூட இல்லை.

கோப்பு எப்படிப்பட்டது

மைக்ரோஸ்டேஷனின் டிஜிஎன்னில் இரண்டு தலைமுறை உண்டு. 2001-இல் வி8 வந்தது, அதற்கு முன்னால் இருந்ததை வி7 என்கிறோம். எங்கள் கோப்பு வி7. இன்டர்கிராஃப் நிறுவனத்தின் 'இன்டராக்டிவ் கிராஃபிக்ஸ் டிசைன் சிஸ்டம்' என்ற பழைய அமைப்பிலிருந்து வந்த வடிவம் இது. அதனால்தான் எஃப்எம்இ-யில் (பல வடிவ வரைபடக் கோப்புகளைப் படித்து மாற்றித் தரும் மென்பொருள்) இந்தக் கோப்பைப் படித்தால் ஒவ்வொரு அட்ரிபியூட்டும் 'ஐஜிடிஎஸ்' என்ற முன்னொட்டோடு வந்து நிற்கும். லெவல், நிறம், கோட்டு ஸ்டைல், தடிமன், செல் பெயர், கிராஃபிக் குரூப் எண் எல்லாவற்றுக்கும் அதே முன்னொட்டு.

வி7-ஐப் பற்றி நான்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும். முதலாவது, ஆயத்தொலைவுகள் 32 பிட் முழு எண்கள். அந்த எண்களுக்குத் தனியே பொருள் கிடையாது, எத்தனை எண் சேர்ந்தால் ஒரு சப் யூனிட், எத்தனை சப் யூனிட் சேர்ந்தால் ஒரு மாஸ்டர் யூனிட், தொடக்கப்புள்ளி எங்கே என்பதெல்லாம் கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும். இரண்டாவது, லெவல்கள், அதாவது வரைபடத்தின் அடுக்குகள், 63 மட்டுமே, அதுவும் எண்ணாக. 23 என்றால் வாய்க்கால் என்று கோப்பு எங்கேயும் சொல்லாது, அது வரைந்தவர் மண்டையிலோ மேசை இழுப்பறையில் இருக்கும் தாளிலோதான் இருக்கும். மூன்றாவது, ஒரு கோட்டில் அதிகபட்சம் 101 முனைகள்தான் வைக்க முடியும், நீளமான வாய்க்கால் என்றால் பல துண்டுகளைக் கோத்து 'காம்ப்ளெக்ஸ் செயின்' ஆக்கி வைத்திருப்பார்கள். நான்காவது, குறியீடுகளை 'செல்' என்று ஒரு பொட்டலமாகக் கட்டி வைப்பார்கள், அதற்குப் பெயர் உண்டு, ஆறு எழுத்துக்கு மேல் போகாது.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். வேலை என்று வந்தபோது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் வாசிப்பு

எஃப்எம்இ-யில் வி7 ரீடரைப் போட்டேன். லெவல் வாரியாகப் பிரிக்கச் சொன்னேன், மற்ற தெரிவுகளை இருந்தபடியே விட்டேன். சில நொடிகளில் படித்து முடித்துவிட்டது, பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை கூட இல்லை. திரையில் தோட்டம் அப்படியே வந்தது: சாலைகள், ஃபீல்டு எல்லைகள், சமஉயரக் கோடுகள், ஃபேக்டரி, லைன் வீடுகள். அந்த அழகைப் பார்த்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

லெவல் 23-இல் சரிவோடு இறங்கும் கோடுகள் இருந்தன. வாய்க்கால்தான் என்று எடுத்துக்கொண்டோம். அது சரிதான். அந்த லெவலிலேயே அங்கங்கே ஒன்றிரண்டு மீட்டர் அளவில் குட்டி வட்டங்களும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் நெளிந்த ஒரு வால்கோடும் கிடந்தன. டிஜிட்டைசரில் கை தவறி விழுந்த குப்பை என்று நினைத்து, குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைவான எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டேன். துண்டு துண்டாக வந்த கோடுகளை எஃப்எம்இ-யில் தரவை மாற்றும் ஒரு கருவியால் (டிரான்ஸ்ஃபார்மர்) சேர்த்தேன், அப்போது கோட்டின் திசையைக் காக்கச் சொல்லும் தெரிவை நான் பார்க்கவில்லை.

அடுத்து இடத்தில் பொருத்துவது. கோப்பில் இருந்தது தோட்டத்துக்கென்று வைத்த ஒரு உள்ளூர்க் கட்டம், எந்த உலக ஆயத்தொலைவும் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிந்த ஃபேக்டரியின் ஒரு மூலையையும், அதிலிருந்து 180 மீட்டர் தள்ளி இருந்த ஒரு சிறுபாலத்தின் மூலையையும் எடுத்து, இரண்டு புள்ளியில் பொருத்தி, யூடிஎம் என்ற உலக ஆயத்தொலைவு முறையின் 43 வடக்கு மண்டலத்துக்குக் கொண்டுவந்தேன். மீதப் பிழை, அதாவது பொருத்திய பிறகும் புள்ளிகள் விலகி நிற்கும் தூரம், பூஜ்யம் என்று காட்டியது. இரண்டு புள்ளிகளை வைத்து நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றினால் மீதப் பிழை எப்போதும் பூஜ்யமாகத்தான் இருக்கும், அங்கே மிஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லை. வந்த அளவுக் காரணி 0.3021. அந்த எண்ணை ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால் போதும், இது அடிக் கணக்கு, ஓர் அடி 0.3048 மீட்டர், அப்படியானால் இந்தப் பொருத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் தப்பு இருக்கிறது என்பது அங்கேயே விளங்கியிருக்கும்.

ஒரு சோதனை செய்யாமலும் இல்லை. விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின்மேல் வாய்க்கால்களைப் போட்டுப் பார்த்தேன், எல்லாம் பள்ளத்தில் இறங்குவதுபோலத்தான் தெரிந்தது. அந்தத் தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர், பிறகு தெரியவந்த பிழை 40 மீட்டர். ஒன்றரைக் கட்டத்துக்கும் குறைவான பிழையை அந்தச் சோதனை எப்படிக் காட்டும்?

வண்டல் குழிக்கு 12 இடங்கள் குறித்து, வரைபடத்தை அச்சிட்டுக் கொடுத்தோம்.

களத்தில் தெரிந்தது

மூன்றாம் நாள் ஃபீல்டு ஆபிசர் கூப்பிட்டார். "சார், நீங்க குறிச்ச இடத்துல வாய்க்காலே இல்லைங்க. இன்னொரு இடத்துல குழி வெட்டப் போனா கடப்பாரை கல்லுல போய் நிக்குது, தண்ணி சத்தம் கேக்குது. வேலையை நிறுத்தட்டுமா?" நிறுத்தச் சொல்லிவிட்டு அன்றைக்கே போனேன்.

முதல் இடம் ஃபேக்டரியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்தின் கடைசி மூலை. கைபேசி ஜிபிஎஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், வாய்க்கால் எங்கள் கோட்டிலிருந்து 40 மீட்டர் போல மேலே இருந்தது. சமவெளியில் 40 மீட்டர் என்றால் அடுத்த வரப்பு. இந்தச் சரிவில் அது ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வேறொரு பள்ளத்துக்குப் போகிற இடம். அங்கே வெட்டிய குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வந்திருக்காது.

இரண்டாவது இடத்தில் மூன்றடி ஆழத்தில் கல் பலகை. மூடு வாய்க்காலின் தலைமேலேயே குழி வெட்டியிருக்கிறார்கள். பலகை உடைந்து மண் உள்ளே விழுந்திருந்தால் முழு வாய்க்காலும் அடைத்துக்கொண்டு மழையில் வேறு வழி தேடியிருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது மூன்றாவது விஷயம். குழி வெட்ட வந்தவர்களில் அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா இருந்தார். வாரிய மண்ணைக் கொட்டலாம் என்று வரைபடத்தில் நாங்கள் காட்டியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு ஊத்து இருக்குங்க தம்பி. கோடையிலயும் வத்தாது. இது மேல போய் மண்ணைக் கொட்டுவாங்களா? உங்க படத்துல ஊத்தே இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை. படத்தில் ஒரு ஊற்று கூட இல்லை. ஊற்று கசியும் இடத்தில் மண் எப்போதும் நனைந்தே இருக்கும். அதன்மேல் இளகின மண்ணைக் குவித்தால் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும், மேலே பாரமும் கூடும். மலைச்சரிவு வழுக்குவதற்கு இந்த இரண்டுமே போதும், கீழே ஹட்டியின் வீடுகள் இருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் லெவல் 23-இல் நான் அழித்த குட்டி வட்டங்கள் நினைவுக்கு வந்தன.

எடுத்த முடிவுகள்

அன்று மாலையே தோட்ட மேலாளரிடம் நேராகச் சொன்னோம்: நாங்கள் கொடுத்த வரைபடம் தப்பு, அச்சுப் பிரதிகளைத் திரும்பக் கொடுங்கள், பத்து நாள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டாம். மூன்று வாரத்தில் பத்து நாள் என்பது அவருக்குப் பெரிய இழப்பு. வெறுமனே ஆட்களை நிறுத்தி வைக்காமல், ஃபேக்டரியைச் சுற்றி எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிகிற திறந்த வாய்க்கால்களை முதலில் தூர்வார வைப்பது என்று ஃபீல்டு ஆபிசர் யோசனை சொன்னார், அது நல்ல யோசனை.

அப்புறம் ஒரு கேள்வி இருந்தது. கோப்பையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் களத்தில் நடந்து அளப்பதா, கோப்பைச் சரியாகப் படிப்பதா? எங்களில் ஒருவர் முதலாவதைத்தான் சொன்னார். நான் ஒப்பவில்லை, ஏனென்றால் மூடு வாய்க்கால் நடந்தாலும் தெரியாது. கோப்பில் அது எப்படியோ குறிக்கப்பட்டிருக்க வேண்டும், குறித்தவர் யார் என்று கண்டுபிடித்தால் போதும் என்று தோன்றியது.

தோட்ட அலுவலகத்தில் விசாரித்ததில் அந்த டிராஃப்ட்ஸ்மேன் ஓய்வு பெற்று அரவேணு பக்கம் இருப்பது தெரிந்தது. போனோம். எண்பதை நெருங்கும் வயது. மடிக்கணினியில் கோப்பைத் திறந்து காட்டினதும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் பாதி, கோப்பில் எங்கள் கண் முன்னாலேயே இருந்தது. லெவல் 23-இல் ஸ்டைல் 0, அதாவது தொடர்கோடு, திறந்த வாய்க்கால். ஸ்டைல் 3, நீளக் கோடுகளாக விட்டுவிட்டு வருவது, பலகை மூடியது. தடிமன் 4 என்றால் பெரிய வாய்க்கால், 1 என்றால் ஃபீல்டுக்குள் ஓடும் சின்னது. "அந்த வட்டம் எல்லாம் ஊத்து தம்பி. நான்தான் செல் பண்ணி வெச்சேன், பேரு கூட ஊத்துன்னே குடுத்தேன்." ஆறு எழுத்துக்குள் அடங்க ஆங்கில எழுத்தில் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார். எல்லைக் கல்லுக்கு 'கல்', வண்டல் குழிக்குக் 'குழி'. ஒரு தமிழ் ஆள் தமிழ்ப் பெயர் வைத்த செல்களை நான் பெயரே பார்க்காமல் உடைத்து அழித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார்: "வாய்க்கால் கோடு எப்பவும் மேலேருந்து கீழேதான் இழுப்போம். கோடு போற திசைதான் தண்ணி போற திசை." நான் கோடுகளைச் சேர்த்தபோது திசை புரண்டதில் அந்தத் தகவலும் போயிருக்கிறது.

இரண்டாம் வாசிப்பு

முதலில் தலைப்பகுதி. டிஜிஎன்லிப் என்ற நிரல் நூலகத்தோடு வரும் டிஜிஎன்டம்ப் என்ற சின்னக் கருவியில் ஓட்டிப் பார்த்தோம். இது வி7-ஐ மட்டும்தான் படிக்கும், எங்களுக்கு அதுவே போதும். மாஸ்டர் யூனிட் அடி, சப் யூனிட் அங்குலம், அடிக்கு 12, அங்குலத்துக்கு 1,000 எண்கள். ஆக அடிக்கு 12,000. 32 பிட்டில் அடங்கும் 429 கோடிச் சொச்சம் எண்களை அதால் வகுத்தால் பக்கத்துக்கு 3,57,913 அடி, ஏறத்தாழ 109 கிலோமீட்டர். பூமத்தியரேகையிலிருந்து இந்த மலை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கிறது, யூடிஎம் எண்களை இந்தச் சதுரத்தில் போட வேண்டுமானால் தொடக்கப்புள்ளியைப் பெரிதாக நகர்த்தியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. உள்ளூர்க் கட்டம்தான் என்பது உறுதியானது.

எஃப்எம்இ-யில் மூன்று தெரிவுகளை மாற்றினோம். செல்களை உடைக்க வேண்டாம், செருகு புள்ளியும் செல் பெயரும் வேண்டும் என்றோம். காம்ப்ளெக்ஸ் செயினைத் துண்டாக்காமல் ஒரே கோடாகத் தரச் சொன்னோம். லெவலை மட்டும் வைத்துப் பிரிக்காமல், லெவல், ஸ்டைல், தடிமன், செல் பெயர் நான்கையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுத்தோம்: எந்தச் சேர்க்கை கோப்பில் எத்தனை முறை வருகிறது என்று. அந்தப் பட்டியலை அச்சிட்டு டிராஃப்ட்ஸ்மேனிடம் மறுபடி கொண்டுபோனோம், ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் அவர் கையாலேயே பொருள் எழுதிக் கொடுத்தார். இரண்டு வரிக்கு மட்டும் 'நினைவில்லை' என்று எழுதினார். அவற்றை நாங்கள் எதிலும் சேர்க்கவில்லை.

இந்த முறை 14 ஊற்றுகள் வந்தன, மூடு வாய்க்கால் ஒன்பது இடத்தில்.

மிகவும் நேரம் எடுத்தது எழுத்து. ஃபீல்டுப் பெயர்கள் 38, எல்லாம் தமிழில், எல்லாம் திரையில் உருத்தெரியாத குறிகளாக வந்தன. தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று 8 பிட் எழுத்துரு முறைகளை அறிவித்தது 1999-இல், அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருந்தது. ரீடரில் எந்தக் குறியேற்றத்தைத் தேர்ந்தாலும் பலனில்லை, ஏனென்றால் இதில் இருந்தது எழுத்தின் எண் அல்ல, அந்த ஒரு எழுத்துருவில் அந்த வடிவம் உட்கார்ந்திருந்த கட்டத்தின் எண். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள். தோட்ட அலுவலகத்தில் ஓரம் கிழிந்த ஒரு பழைய அச்சுப் பிரதி கிடைத்தது. அதில் படிக்க முடிந்த பெயர்களையும் கோப்பின் குறிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாற்று அட்டவணை செய்து, கொம்பைப் பின்னுக்குத் தள்ளி, 31 பெயர்களை மீட்டோம். ஃபீல்டு எல்லைகளில் எம்எஸ்லிங்க் எண்கள் இருந்தன, ஒரு தரவுத்தளத்தோடு இணைத்தவை, அந்தத் தரவுத்தளம் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. எண்களை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

இடத்தில் பொருத்துதல்

முதல் பொருத்தம் ஏன் கெட்டது என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். இரண்டு புள்ளிக்கும் இடையே 180 மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் மூலையைக் குறித்ததில் மூன்று மீட்டர் தப்பு என்றால், இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப்போகும்போது அது பதினான்கு மடங்கு, 40 மீட்டருக்கு மேல். அதில் அளவுக் காரணியின் பங்கு 22 மீட்டர், மீதி சுழற்சியில் வந்தது. ஃபேக்டரிப் பக்கத்தில் எல்லாம் சரியாக உட்கார்ந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

இம்முறை டிஜிபிஎஸ் (கைபேசியைவிடத் துல்லியமான ஜிபிஎஸ்) கருவியை வாடகைக்கு எடுத்து, தோட்டத்தைச் சுற்றி ஏழு புள்ளிகள் அளந்தோம்: ஃபேக்டரிப் புகைக்கூண்டின் அடி, இரண்டு சிறுபாலங்கள், பழைய தண்ணீர்த் தொட்டி, மூன்று எல்லைக் கற்கள். ஆறு புள்ளிகளில் மீதப் பிழை ஒன்றரை மீட்டருக்குள். ஒரு எல்லைக் கல் மட்டும் ஆறு மீட்டர் விலகியது. விசாரித்ததில் சாலை அகலப்படுத்தியபோது அதைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டது தெரிந்தது, அதை விட்டுவிட்டோம்.

கிடைத்த அளவுக் காரணி 0.3047. அடிக்கு 0.3048 வர வேண்டுமே என்று இந்தத் தடவை நின்று பார்த்தோம். இந்திய அடிக்கும் சர்வதேச அடிக்கும் உள்ள வித்தியாசமாக இருக்குமோ என்றால், அது மூன்று கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் கூட வராது. உண்மைக் காரணம் உயரம். தோட்டம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே சங்கிலி பிடித்து அளந்த ஒரு கிலோமீட்டர், யூடிஎம் கட்டத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் குறைவாக வரும். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 0.3047-தான் வர வேண்டும், வந்திருக்கிறது. தனித்தனியே வந்த இரண்டு கணக்கும் ஒரே எண்ணில் முடிந்தபோதுதான் எனக்குப் பொருத்தத்தின்மேல் நம்பிக்கை வந்தது.

என்ன நடந்தது

அச்சிடும் முன் மூன்று நாள் நடந்தோம், அந்த அம்மாவும் கூட வந்தார், ஹட்டியிலிருந்து ஒரு பெரியவரும் வந்தார். 14 ஊற்றுகளில் 11 உயிரோடு இருந்தன. இரண்டு வற்றிவிட்டன. ஒன்று இருந்த இடத்தில் புதிதாகக் கட்டிய தடுப்புச்சுவர், அதன் அடியில் பாசி பிடித்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. மூடு வாய்க்கால் ஒன்பதில் ஏழை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து உறுதி செய்தோம், இரண்டின்மேல் செடி அடர்த்தியாக இருந்ததால் முடியவில்லை. வரைபடத்தில் அந்த இரண்டையும் வேறு நிறத்தில் போட்டு 'சரிபார்க்கவில்லை' என்று எழுதினோம்.

முதலில் குறித்த 12 குழிகளில் மூன்றுதான் அதே இடத்தில் நின்றன, மூன்றும் ஃபேக்டரிக்குப் பக்கத்தில். ஏழு இடம் மாறின, அவற்றில் ஏற்கெனவே வெட்டிய இரண்டும் அடக்கம். அந்த இரண்டையும் மூடச் செய்தோம், கூலியை நாங்கள் கொடுத்தோம். மீதி இரண்டு குழி தேவையே இல்லை என்று ஆயிற்று. மண் கொட்டும் இடங்களில் ஊற்றுக்கு மேலேயோ பக்கத்திலோ இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வேலை ஐப்பசி முதல் வாரத்தில், நான்கு நாள் தாமதமாக முடிந்தது.

அந்த ஆண்டு மழை சுமாராகத்தான் பெய்தது, ஆகவே வரைபடத்தால் சரிவு தடுக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பத்துக் குழிகளில் எட்டில் வண்டல் சேர்ந்தது, தண்ணீர் அங்கே வருகிறது என்று அதற்குப் பொருள். ஒரு சிறுபாலத்தில் தண்ணீர் சாலைமேல் ஏறியது. கோப்பு வரைந்த காலத்தில் அங்கே இருந்தது கல் கட்டிய திறப்பு, பிறகு யாரோ அதை எடுத்துவிட்டுச் சின்னக் குழாய் பதித்திருக்கிறார்கள். அதை நடந்தபோது பார்த்திருக்க வேண்டும், நாங்கள் அந்தப் பாலத்தின் மூலையை அளந்துவிட்டு அடியில் குனிந்து பார்க்காமல் வந்துவிட்டோம்.

அடுத்த முறை மாற்றுவது

பழைய டிஜிஎன் வந்தால், வடிவத்தைத் திரையில் பார்ப்பதற்கு முன்பே தலைப்பகுதியின் அலகுகளையும் தொடக்கப்புள்ளியையும் தாளில் எழுதிவிடுகிறோம் இப்போது. லெவல், ஸ்டைல், தடிமன், செல் சேர்க்கைப் பட்டியல் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் தெரியும் வரை எதையும் அழிப்பதில்லை. சின்னதாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைக் குப்பை என்று தள்ளும் வடிகட்டியை எங்கள் வேலைக்கோப்புகளிலிருந்தே எடுத்துவிட்டேன். அப்படி வடிகட்டியே ஆக வேண்டும் என்றால், விழுந்தவை தனி அடுக்காகச் சேமிக்கப்படும், ஒருவர் அதைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பொருத்துவதற்கு நான்கு புள்ளிக்குக் குறைவாக எடுப்பதில்லை, அவை வேலை நடக்கும் பரப்பைச் சுற்றி இருக்க வேண்டும், ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். அளவுக் காரணி எதிர்பார்த்த எண்ணா என்பதை எழுதி வைக்க வேண்டும். களத்தில் நடப்பது அச்சுக்கு முன்னால், அதுவும் அந்த இடத்தில் வேலை செய்தவர்களோடு. அந்த அம்மா அன்றைக்குக் குழி வெட்ட வந்திருக்காவிட்டால் ஊற்றின்மேல் மண் குவிந்திருக்கும், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

டிராஃப்ட்ஸ்மேன் எழுதிக் கொடுத்த தாளை ஸ்கேன் செய்து கோப்போடு ஒரே உறையில் வைத்துத் தோட்டத்துக்கு ஒன்று, ஹட்டிக்கு ஒன்று, எங்களிடம் ஒன்று என்று மூன்று பிரதி கொடுத்திருக்கிறோம். படிக்க முடியாத ஏழு ஃபீல்டுப் பெயர்கள் மீதி இருக்கின்றன. அவற்றில் இரண்டு, தேயிலை வருவதற்கு முன்னால் அங்கே இருந்த சோலையின் பெயராக இருக்கலாம் என்று ஹட்டிப் பெரியவர் சொல்கிறார். தை மாதம் பனி குறைந்ததும் அவரோடு அந்தப் பக்கம் நடப்பதாக இருக்கிறோம்.